கராஜுக்கு மேலிருந்த அறை

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சிவப்பாக இருந்தது. அதற்கு முன்பு ஒரு பீட்சாக் கடைக்கு ஓடியது. கதவுகளில் ஒட்டியிருந்த எழுத்துகளை உரித்துவிட்டுத்தான் விற்றார்கள். ஆனால் எழுத்து மூடியிருந்த இடம் வெயில் படாமல் கடும் சிவப்பாக நின்றதால் கடையின் பெயரை இன்னும் வாசிக்க முடிந்தது. சிக்னலில் நின்றால் பக்கத்துக் காரில் இருப்பவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஒருமுறை பிளாசா வாசலில் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, தன்னுடைய ஓடர் எங்கே என்று கேட்டார்.

என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கார் ஓட்டப் பழக்குபவள். பல வருடங்கள் வேறொருவரின் டிரைவிங் ஸ்கூலில், வேறொருவரின் காரில் வேலை செய்துவிட்டு, இனிச் சொந்தமாகச் செய்வது என்று முடிவெடுத்துத்தான் இதை வாங்கினாள். அவளிடம் வருபவர்கள் அநேகமாக எங்கள் தமிழ்ப் பெண்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு முதல்முறையாக ஸ்டியரிங்கைத் தொடுகிறவர்கள்.

"பீட்சாக் காரிலை பழக ஆர் வருவினம்?" என்று கேட்டாள்.

இளநீலம் அடிக்க வேண்டும் என்றாள். நல்ல நிறம்தான் என்றேன். அதை எங்கள் கராஜுக்குள் வைத்துத் தானே அடிக்கப் போவதாகச் சொன்னபோதுதான் எனக்குப் பயம் தொடங்கியது.

எங்கள் வீடு கனடாவில், நகரத்தின் வடகிழக்கு ஓரத்து மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிக்குச் சற்றுத் தெற்கே. கராஜ் வீட்டோடு ஒட்டியது. அதன் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. அதன் கூரைக்கு மேலே மகளின் படுக்கையறை. இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாமே அப்படித்தான். கார் நிற்கும் இடத்துக்கு மேலே யாரோ ஒருவர் படுத்திருப்பார். அதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை. அவள் பெயின்ற் என்று சொன்ன நாளிலிருந்து வேறொன்றையும் யோசிக்க முடியவில்லை. சாப்பிடும்போது சமையலறையிலிருந்து கராஜுக்குப் போகும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிசிசாகாவில், விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் எனக்கு வேலை. அங்கே பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கதவு கண்ணுக்கு முன் வந்தது.

அவள் கவலையீனமானவள் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். கிழமைக் கணக்கில் வீடியோக்கள் பார்த்தாள். இரண்டு பக்கமும் வடிகட்டி பூட்டிய ரப்பர் மாஸ்க் வாங்கினாள். தலையிலிருந்து கால்வரை மூடும் வெள்ளை உடுப்பு வாங்கினாள். கராஜில் கிடந்த பழைய பெயின்ற் டின்கள், புல்வெட்டும் இயந்திரத்துக்கு வைத்திருந்த பெற்றோல் எல்லாவற்றையும் பின்வளவுக்குக் கொண்டுபோனாள். சமையலறைக் கதவின் கராஜ் பக்கத்தில் பிளாஸ்டிக் விரிப்பை வைத்து நான்கு ஓரமும் பசை ரேப் ஒட்டினாள்.

நான் பயந்தது நெருப்புக்கு. ஆவி நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அவளும் அதை வாசித்திருந்தாள். பேஸ்மென்றில் இருந்து வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸையும் வெந்நீர்த் தாங்கியின் காஸையும் நிறுத்திவிட்டுத்தான் தொடங்குவேன் என்றாள். ஃபேனைப் பற்றியும் யோசித்திருந்தாள். ஆவியை ஃபேனுக்குள்ளால் வெளியே இழுத்தால் அந்த மோட்டாரே பொறி தட்டக்கூடும். ஆகவே பக்கக் கதவில் ஃபேனை வைத்து, வெளியிலிருந்து நல்ல காற்றை உள்ளே தள்ளுவது. பெரிய கதவைக் கீழே சிறிது தூக்கி, அந்த இடைவெளியில் வடிகட்டிகளை அடுக்கி, அழுக்குக் காற்றை அதற்குள்ளால் போக விடுவது. இதை ஒரு தாளில் கீறிக் காட்டினாள். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. இருந்தாலும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"உங்களுக்குப் பயமெண்டா நீங்கள் வேலைக்குப் போற நாளிலை செய்யிறன். பிள்ளையும் கம்பஸுக்குப் போயிடுவாள். வீட்டிலை ஒருத்தரும் இருக்க மாட்டினம்" என்றாள்.

அப்படித்தான் முடிவானது. ஒக்ரோபரில், குளிர் இறுகுவதற்கு முன் வந்த ஒரு இளஞ்சூடான நாளில்.

அன்று காலை நான் போகும்போது அவள் காரின் கண்ணாடிகளைக் கடதாசியால் மூடிக்கொண்டிருந்தாள். மகள் எனக்கு முன்னரே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். வேலையில் என் கைகள் ஒழுங்காகத்தான் ஓடின. மத்தியான இடைவேளையில் தொலைபேசியைப் பார்த்தேன். மகளின் செய்தி ஒன்று கிடந்தது. பின்னேர வகுப்பு இல்லையாம், தான் வீட்டுக்கு வந்துவிட்டாளாம், முதல்நாள் முழுக்கப் படித்த களைப்பாம், நித்திரை கொள்ளப் போகிறாளாம். கடைசியில் ஒரு கொட்டாவி முகம். அது வந்து நெடுநேரமாகியிருந்தது.

முதலில் மனைவிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று எனக்கே தெரியும். பொறி தட்டும் என்று தொலைபேசியைக் கராஜுக்குள் கொண்டுபோக மாட்டேன், சமையலறையில் வைப்பேன் என்று சொல்லியிருந்தாள். பிறகு மகளுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்ப அடித்தேன். பெயின்ற் இன்றைக்கு என்று மகளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் முன்கதவால் வந்து நேரே மேலே போயிருப்பாள். அம்மா கராஜுக்குள் மாஸ்க்கோடு, ஃபேனின் இரைச்சலில் நிற்பாள். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். நானோ நகரத்தின் மறுகரையில் நிற்கிறேன்.

மேற்பார்வையாளரிடம் வீட்டில் ஒரு பிரச்சினை என்றேன். என்ன பிரச்சினை என்று கேட்டார். மகள் நித்திரை கொள்கிறாள், மனைவி காருக்குப் பெயின்ற் அடிக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? சுகமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

401 நெடுஞ்சாலை வழக்கம்போல இழுபட்டது. ஊர்ந்து, நின்று, ஊர்ந்தது. நான் செபமாலையைத் தொடங்கினேன். பாதியில் எத்தனையாவது மணி என்று மறந்துபோய்த் திரும்பத் தொடங்கினேன். அவசர இலக்கத்துக்கு அடிக்கலாமா என்று நினைத்தேன். என்ன நடந்தது என்று கேட்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நான் பயந்த சுபாவமுள்ளவன், இப்படி எத்தனையோ முறை வெறுமனே பயந்து வீட்டாரிடம் பேச்சு வாங்கியவன். இதுவும் அப்படித்தான் முடியும் என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனம் கராஜுக்கு மேலே இருந்த அந்தக் கட்டிலைக் காட்டியது. மகளுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். அவளுடைய பதிவுக் குரல், செய்தி விடும்படி, அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டது.

வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது எங்கும் புகை இல்லை. அதுவே போதும் என்று ஒரு கணம் நினைத்தேன். கராஜ் கதவின் அடியில் அடுக்கியிருந்த வடிகட்டிகள் இளநீலமாகியிருந்தன. எல்லாம் அவள் தாளில் கீறியபடியே நடந்துகொண்டிருந்தது.

முன்கதவைத் திறந்தேன். மணம் முகத்தில் அடித்தது. பழுத்துப்போன வாழைப்பழமும் நகப் பூச்சும் சேர்ந்த மாதிரி ஒரு தித்திப்பு மணம். படி ஏற ஏற அது கூடியது. அறைக் கதவைத் திறந்தபோது என் கண் எரிந்தது. ஜன்னல் மூடியிருந்தது. அவள் போர்வைக்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தொலைபேசி தலையணைக்குப் பக்கத்தில் ஒலியடக்கிக் கிடந்தது.

நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் யார் என்று யோசிப்பதுபோல ஒரு பார்வை.

"அப்பா... தலை இடிக்குது. ஐ'ம் ஸோ ஸ்லீப்பி" என்றாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

எழுப்பி நிறுத்தினேன். அவளால் நிற்க முடியவில்லை. அவள் என்னளவு உயரமானவள். இடுப்பில் கையைப் போட்டு, பாதி தூக்கி, பாதி இழுத்து, படியில் இரண்டு பேரும் விழாமல் எப்படி வந்தோம் என்று இன்றுவரை தெரியாது. முன்புறப் புல்லில் இருத்தினேன். அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். பக்கத்து வீட்டுச் சீனத்து முதியவர் இலை கூட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு போத்தல் தண்ணீரோடு வந்தார்.

அந்த நேரம் வீட்டின் பக்கவாட்டால் ஒரு வெள்ளை உருவம் வந்தது. மாஸ்க்கும் கண்ணாடியும் முழு உடுப்புமாக, கையில் வெறும் பெயின்ற் கிண்ணத்தோடு. எங்களைக் கண்டதும் நின்றது. பிறகு மாஸ்க்கைக் கழற்றியது.

"இவள் ஏன் இஞ்சை?" என்றாள் என் மனைவி.

"வகுப்பு இல்லையாம். மேலை படுத்திருந்தவள்" என்றேன்.

அவள் மேலே அந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். கிண்ணம் கையிலிருந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

நான் வீட்டுக்குள் திரும்ப ஓடப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே இருக்கும் புகையிழுக்கும் ஃபேனைப் போட்டால் மணம் போய்விடும் என்று நினைத்தேன். அவள் என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள்.

"ஒரு சுவிச்சையும் தொடாதேங்கோ. உள்ளை போகாதேங்கோ. இஞ்சை நிண்டு நைன் வன் வன்னுக்கு அடியுங்கோ."

குரல் உயரவில்லை. ஆனால் கார் பழக வருகிறவர்கள் ஏன் அவள் சொன்னவுடன் பிறேக்கை மிதிக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

தீயணைப்பு வண்டி எங்கள் சின்னத் தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்றது. பின்னால் அம்புலன்ஸ். மகளின் முகத்தில் ஒக்சிசன் வைத்தார்கள். தீயணைப்பு வீரர்கள் ஒரு அளக்கும் கருவியோடு வீட்டுக்குள் போனார்கள், ஜன்னல்களைத் திறந்தார்கள், தங்களுடைய ஃபேனை வைத்தார்கள். அவர்களில் மூத்தவர் திரும்பி வந்து, கோபமில்லாமல் விளக்கினார். உங்கள் மனைவி காற்றை உள்ளே தள்ளியது மோட்டாருக்கு நல்லது, வீட்டுக்கு நல்லதில்லை என்றார். வடிகட்டி பெயின்ற் தூசி பிடித்து அடைக்க அடைக்க, கராஜுக்குள் காற்றழுத்தம் கூடுகிறது. அது எங்கேயாவது போக வேண்டும். வீட்டுக்குள் போகிற ஒவ்வொரு வெடிப்பாலும் போயிருக்கிறது. வீட்டோடு ஒட்டிய கராஜ் இந்த வேலைக்கான இடமே இல்லை என்றார். என் மனைவி தலையாட்டினாள். அவள் மூக்கும் வாயும் மாஸ்க் இருந்த அளவுக்குச் சுத்தமாக இருந்தன. அதற்கு வெளியே, புருவமெல்லாம் நீலம்.

அந்த நீலத்தோடுதான் ஆஸ்பத்திரிக்கும் வந்தாள். இருக்கச் சொன்னால் எழும்பினாள். நேர்ஸ் கடக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயின்றின் பெயரையும் அதில் என்ன கலந்திருக்கிறது என்பதையும் சொன்னாள். அவர்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டார்கள் என்று சொன்ன பிறகும் சொன்னாள். நான் திரைச்சீலைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். மகளின் முகத்தில் மெதுவாக நிறம் வந்தது. பொழுது படுவதற்கு முன்னரே, பயப்பட ஒன்றுமில்லை, இரண்டொரு நாள் தலையிடி இருக்கும் என்று டொக்டர் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் அதே அறையில் கிடந்திருந்தால் என்று நான் கேட்கத் தொடங்கினேன். கேட்டு முடிக்கவில்லை.

மகள் ஒக்சிசன் மாஸ்க்கை விலக்கிவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, கார் வடிவா வந்ததா?"

அவள் பகிடிக்குக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்று தெரியாது. மனைவி எழும்பி வெளியே போய்விட்டாள். திரும்பி வந்தபோது புருவத்து நீலம் கண்ணுக்குக் கீழே இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. யாராவது சத்தம் போட்டிருந்தால் ஆறியிருக்கும். மகள் கீழே சோபாவில் படுத்தாள். நான் அடிக்கடி எழும்பி அவளுடைய மூச்சைக் கேட்டேன். மனைவி கராஜுக்கும் மேலறைக்கும் இடையே படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஏன் சமையலறையில் மணம் குறைவாகவும், மேலே அந்த ஒரு அறையில் அவ்வளவு கூடவும் இருந்தது என்பது அவளுக்கு விளங்கவில்லை. விளங்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

மணம் முழுக்கப் போன பிறகு ஒரு சனிக்கிழமை அவள் ஊதுபத்திப் பெட்டியோடு வந்தாள். அன்றைக்கு வைத்தமாதிரியே பக்கக் கதவில் ஃபேனை வைத்தாள், பெரிய கதவைச் சிறிது தூக்கி வடிகட்டிகளை அடுக்கினாள். மகளை மேலே அனுப்பினாள். ஊதுபத்தியைக் கொளுத்தி என் கையில் தந்து, கூரையோரமாக மெதுவாகக் கொண்டுபோகச் சொன்னாள். நான் ஏணியில் நின்றபடி கொண்டுபோனேன். புகை கலைந்தது, சுற்றியது. பின்சுவர் மூலையில், சாமான் அடுக்கும் தட்டுக்கு மேலே, அது திடீரென்று நேர்கோடாகி, யாரோ உறிஞ்சுவதுபோல ஒரு இடத்துக்குள் போனது. அங்கே ஃபேர்னஸிலிருந்து மகளின் அறைக்கு வெப்பக்காற்றுக் கொண்டுபோகும் தகரக் குழாய் கூரைக்குள் நுழைகிறது. அதன் பொருத்தில் ஒட்டியிருந்த ரேப் காய்ந்து சுருண்டு தொங்கியது. வீடு கட்டியவர்கள் ஒட்டியது. என் விரல் போகும் அளவுக்கு இடைவெளி.

"ஐ கேன் ஸ்மெல் இற்" என்று மேலே இருந்து மகள் சொன்னாள். "அம்மா, உது என்ரை அறையிலை சூட்டுக்காத்து வாற வென்றுக்குள்ளாலை வருது."

மனைவி கராஜ் படியில் குந்திவிட்டாள். "ரேப்பைத்தான் பாக்கேல்லை" என்றாள். "எல்லாத்தையும் பாத்தனான்."

ஆள் பிடித்து அந்தக் குழாயையும் கூரையில் இருந்த மற்ற ஓட்டைகளையும் அடைத்தோம். மகளின் அறைக்குப் போகும் குழாயில் இருந்த வெடிப்பு அத்தனை வருடமும் அப்படியே இருந்திருக்கிறது. நாங்கள் காரைச் சூடாக்கவென்று கராஜுக்குள் ஓட விட்ட பனிக்காலக் காலைகளில் அந்தப் புகை எங்கே போயிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கார் பாதி வேலையில் நின்றது. நீலம் ஏறியிருந்தது, ஆனால் மினுக்கம் இல்லை. சுண்ணாம்பு பூசியதுபோல வெளிறிக் கிடந்தது. மேலே பூசும் தெளிந்த பூச்சு அடிக்கவில்லை. நான் விற்றுவிடுவோம் என்றேன். அவள் காரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எங்கள் மாதா கோவிலுக்கு வரும் மன்னார்க்காரர் ஒருவர் காருக்குப் பெயின்ற் அடிக்கும் கடை வைத்திருந்தார். பூசைக்குப் பிறகு அவரிடம் அவளே போய் நடந்ததைச் சொன்னாள். கொண்டுவரச் சொன்னார்.

அவருடைய கடையில் அதற்கென்றே ஒரு கண்ணாடி அறை இருந்தது. காற்று மேலிருந்து இறங்கித் தரையில் இருந்த கம்பிவலைக்குள்ளால் போனது. உள்ளே நின்ற ஆளின் முகமூடிக்கு வெளியிலிருந்து குழாயால் காற்று வந்தது. மனைவி கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போகும் குழாய், வெளியே போகும் குழாய் என்று பின்சுவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கடைக்காரர் என்னைப் பக்கத்துக்குக் கூப்பிட்டார்.

"அண்ணை, உந்தக் கடைசிப் பூச்சு இறுகிறதுக்கு ஒரு ஹார்ட்னர் கலக்கிறது. அதுதான் பொல்லாதது. மணம் பெரிசா தெரியாது, ஆனா நெஞ்சைப் பிடிச்சுதெண்டா பிறகு விடாது. அக்கா வச்சிருந்த மாஸ்க்கை நம்பி அதை அடிக்கேலாது. நல்ல காலம், அதுக்கு முதல் நிண்டிட்டுது."

நான் தலையாட்டினேன். அந்த டின் எங்கள் கராஜில் இருந்தது. காரோடு சேர்த்து அதையும் அவள் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். மூடி திறந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

சில கிழமை கடைக்காரர் சொன்னதை மனதுக்குள் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னேன். அவள் கோப்பையை வைத்தாள்.

"எனக்குத் தெரியும். அதை நான் வீட்டிலை அடிக்கிறதா இருக்கேல்லை."

"அப்ப ஏன் வாங்கினனீர்?"

"சேர்த்துத்தான் விக்கிறாங்கள்" என்றாள்.

அவள் சொன்னது உண்மையாக இருக்கலாம். அன்று மகள் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால், நான் வழக்கமான நேரத்துக்கு வேலை முடித்து வந்திருந்தால், அவள் அடுத்த டின்னைத் திறந்திருப்பாளா என்பதை நான் இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

பனி கரைந்ததும் அவள் பழக்கத் தொடங்கினாள். முதலில் வந்தவர் நகர நடுவில் உள்ள சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து ஒரு அன்ரி. கனடா வந்த நாள் முதல் நடையும் சப்வேயுமாகவே வாழ்ந்தவர். தன் மகள் ஸ்காபரோவுக்கு வீடு மாறிப் போனதால் கார் ஓடப் பழக வேண்டியதாகிவிட்டது என்றார். அவர் எங்கள் டிரைவ்வேயில் இருந்து பின்பக்கமாக எடுக்கும்போது நான் ஜன்னலோரம் நின்றேன். கார் வானத்தைவிடக் கொஞ்சம் மங்கலான நீலத்தில், ஒரு எழுத்தும் தெரியாமல், மினுங்கியது. தெரு முனையில் அன்ரி பிறேக்கை இறுக்க மிதித்தார். பிறகு திரும்பினார்.

எங்கள் மகளுக்கு அதுவரை கார் ஓடுவதில் அக்கறை இருந்ததில்லை. மே மாதத்தில் ஒரு ஞாயிறு, தானாகவே கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் வெளியே போனாள். இரண்டு பேரும் காருக்குள் இருந்து எதையோ நெடுநேரம் கதைத்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. மனைவி கையை அசைத்து அசைத்து ஏதோ சொன்னாள். மகள் முன்னால் பார்த்தபடி தலையை ஆட்டினாள். பிறகு ஒருமுறை சிரித்தாள். நான் புல்லில் இறங்கி நின்று, பின்னால் சைக்கிள் வருகிறதா, பிள்ளைகள் விளையாடுகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன்.

மகள் கண்ணாடியை இறக்கினாள்.

"அப்பா, நீங்கள் அதிலை நிண்டா எனக்கு எடுக்கேலாது. உள்ளை போங்கோ."

நான் உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் நின்று, என்ஜின் சத்தம் தெருவால் போய் மறையும்வரை கேட்டேன்.